எஃப் 1 அழுத்தியவன்

லெஃப்ட் ஃபோர் டெட் 2 விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். அணியிலிருந்து ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால் ஓட்டெடுப்பு வைக்கலாம். ஆம் என்றால் எஃப் 1, இல்லை என்றால் எஃப் 2. நான் பல வருடங்களாக எஃப் 1 அழுத்தி வந்தவன். பெரும்பாலும் ஓட்டெடுப்பைத் தொடங்கியதே நான்தான். அப்படி வெளியே போனவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, கெட்ட வார்த்தை பேசியவர்களும் அல்ல. புதிதாக வந்தவர்கள், விளையாடத் தெரியாதவர்கள், அவ்வளவுதான்.

இந்த கேமை வால்வ் நிறுவனம் 2009 நவம்பர் 17 அன்று வெளியிட்டது. நான்கு பேர் ஒரு அணி. நோய் தொற்றி வெறிபிடித்த கூட்டத்துக்கு நடுவே ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த பாதுகாப்பு அறைக்குப் போய்ச் சேர வேண்டும். தனியாக ஜெயிக்க முடியாதபடி இதைக் கட்டியிருக்கிறார்கள். ஹண்டர் என்ற எதிரி மேலே பாய்ந்து அமுக்கிவிட்டால் நாமாக விடுபட முடியாது, கூட வருகிறவர்தான் வந்து தள்ளிவிட வேண்டும். அடிபட்டு விழுந்துவிட்டால் நாமாக எழ முடியாது, இன்னொருவர் பக்கத்தில் குனிந்து தூக்கிவிட வேண்டும். அவர் தூக்குகிற அந்தச் சில விநாடிகளில் அவர் உயிருக்கும் ஆபத்துதான். அடுத்தவனுக்காக நிற்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். எனக்குப் பிடித்ததும் அதுதான். அதைத்தான் நான் கெடுத்தேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கல்லூரி விடுதியில் இருந்த ஒரு சீனியர் அண்ணன். நான்கு கம்ப்யூட்டரை லேன் வயரில் இணைத்து விடிய விடிய ஆடுவோம். விட்ச் என்று ஒருத்தி எங்காவது மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். அவளைச் சீண்டினால் அணிக்கே ஆபத்து. முதல் நாள் நான் நேராக அவள் முகத்தில் டார்ச் அடித்தேன். எல்லோரும் செத்தோம். அண்ணன் திட்டவில்லை. "அழுகைச் சத்தம் கேட்டதும் டார்ச்சை அணைச்சிடு, சுத்திப் போ" என்றார், மறுபடி தொடங்கினார். அடுத்த ஆட்டத்தில் நான் அலாரம் உள்ள காரைச் சுட்டு ஊரையே கூட்டினேன். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று சேதராப்பட்டில் குடியிருக்கிறேன், பிப்டிக் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். புதுப் பையன் யாராவது வேலைக்கு வந்தால் என் பக்கத்தில்தான் நிற்க வைப்பார்கள். இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் மெஷின் இறங்கும்; ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள், அவசரத்தில் ஒரு பட்டனைக் கட்டிவைத்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன். பத்து முறை கேட்டாலும் சொல்வேன். விரல் போய்விடுமே என்ற பயம் எனக்கு உண்டு. அதே நான் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து ஹெட்செட்டை மாட்டினால், மெடிகிட்டை எப்படிப் போடுவது என்று கேட்கிறவனுக்கு ஒரு வரி பதில் சொல்ல மாட்டேன்.

2020 செப்டம்பரை மறக்க முடியவில்லை. அந்த மாதம் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. கொரோனா காலம், பள்ளி கல்லூரி மூடிக் கிடந்தன. நான்கு பேராகச் சேர்ந்து ஆடிப் பழகிய பையன்கள் திடீரென்று ஆட்டம் இல்லாமல் நின்றார்கள். அதே மாதம் 24-ஆம் தேதி எங்கள் பழைய கேமுக்கு 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' என்ற பெரிய அப்டேட் வந்தது. அதைச் செய்தவர்கள் நிறுவனத்து ஊழியர்கள் அல்ல, ரசிகர்கள். வால்வ் அனுமதி கொடுத்து வெளியிட்டது. கிட்டத்தட்ட பதினோரு வருடப் பழைய ஒரு கேமுக்கு, அதை நேசித்தவர்களே உட்கார்ந்து புது மேப் கட்டிக் கொடுத்தார்கள். எதற்காகக் கட்டினார்கள்? புது ஆட்கள் வரட்டும் என்றுதானே. வந்தார்கள். வீட்டில் அண்ணனின் லேப்டாப் இருந்தவன், அப்பாவின் ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கியவன் என்று, ஆட்டத்துக்கு ஆள் சேரும் எங்கள் லாபிக்குள்ளும் வந்தார்கள்.

அவர்களில் ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடினமான எக்ஸ்பர்ட் ஆட்டம், கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டோம். அவன் தெரியாமல் ஒரு காரைச் சுட்டான். அலாரம் அலறியது, கூட்டம் வந்தது, இரண்டு பேர் விழுந்தோம். அவன் ஓடிவந்து என்னைத் தூக்கினான். எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் எப்படியோ கற்றிருந்தான். தப்புத் தப்பான ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான். அவன் மைக்கில் பின்னாலிருந்து ஒரு அம்மாவின் குரல் கேட்டது: "சாப்பிட வாடா, எத்தனை தடவை கூப்பிடறது." நம்ம ஊர்ப் பையன். எனக்குப் புரிந்தது. தமிழில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினால் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும், என் ஆட்டம் கெடும் என்று தோன்றியது. ஓட்டெடுப்பு வைத்தேன். என் நண்பர்கள் இருவரும் நான் கேட்காமலே எஃப் 1 அழுத்தினார்கள். அவர்களைப் பழக்கி வைத்ததும் நான்தான்.

ஒருவன் வெளியேறினால் அவன் இடத்தில் பாட் வந்து நிற்கும், கம்ப்யூட்டரே நடத்தும் பொம்மை. பாட் காரைச் சுடாது, கேள்வி கேட்காது. என்னைத் தூக்கிவிட்ட மனிதனை அனுப்பிவிட்டுப் பொம்மையோடு அந்த ஆட்டத்தை முடித்தோம், ஜெயித்தோம். வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டும் போட்டேன். அந்தப் பையனின் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை.

பிறகு எங்கள் குழுவில் ஒருவர் துபாய்க்கு வேலைக்குப் போனார். ஒருவருக்குக் கல்யாணம், குழந்தை. ஒருவரின் கம்ப்யூட்டர் போய்விட்டது, திரும்ப வாங்கவில்லை. இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் போனவர் இடத்துக்கு வர யாரும் இல்லை, ஏனென்றால் வந்தவர்களை நாங்கள் இருக்க விடவில்லை. இப்போது இரவில் எங்கள் பக்கத்து நேரத்தில் ஆள் தேடினால் தூர தேசத்து சர்வரில் போய் விழுகிறேன். பிங் என்கிற இணையத் தாமதம் எகிறி, நான் சுடுவதற்குள் ஹண்டர் மேலே இருக்கிறது.

நெடுநாள் நான் குறை சொன்னது மற்றவர்களை. வால்வ் கண்டுகொள்வதில்லை என்றேன். பையன்கள் எல்லாம் மொபைலுக்குப் போய்விட்டார்கள் என்றேன். உண்மை அது இல்லை. முதல் லெஃப்ட் ஃபோர் டெட் கேமை உருவாக்கிய டர்டில் ராக் குழுவினர் 2021-இல் பேக் ஃபோர் பிளட் என்று அதே மாதிரி ஒன்றைப் புதுசாகக் கொண்டுவந்தார்கள். பெரிய விளம்பரம், பெரிய செலவு. 2023 பிப்ரவரியில், இனி அதற்குப் புதிதாக ஒன்றும் வராது என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் கிழட்டு கேம் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கோ யாரோ புதியவர்களை இருக்க விட்டிருக்கிறார்கள். என் லாபியில் அது நடக்கவில்லை.

பழைய ஆட்டக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை யாராவது காரைச் சுட்டு, திரையில் ஓட்டெடுப்பு வந்தால் எஃப் 2 அழுத்துங்கள். மைக்கை ஆன் செய்து, டார்ச்சை எப்போது அணைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். புதிதாக வருகிற தம்பி தங்கைகளே, என் லாபியை இப்போது எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறேன். செகண்ட் ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் இரவு பத்து மணிக்கு மேல் இருப்பேன். தமிழிலேயே கேட்கலாம்.