ரிப்பீட்டர்ஸ் பேட்சா, வீட்டு மேசையா?

ஜூன் 15, 2025, ஞாயிறு

நேற்று நீட் முடிவு வந்தது. மகளுக்கு 720க்கு 442. எங்கள் பிரிவில் இந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி கிடைக்காது. தனியார் கல்லூரிக் கட்டணமோ எங்கள் சக்திக்கு மீறியது. விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் போன் செய்துவிட்டார். "இன்னும் என்ன யோசனை? நாமக்கல் பக்கம் நல்ல சென்டரா பார்த்து ரிப்பீட்டர்ஸ் பேட்சில் சேர்த்துவிடும்மா." இவளோ, "வீட்டிலிருந்தே படிக்கிறேன்மா" என்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு பயிற்சி மையத்துக்குப் போய் வந்தோம். கட்டணம் ஒன்றரை லட்சம், விடுதி தனி. வாசல் முழுக்க சீட் வாங்கிய பிள்ளைகளின் படங்கள். அவர்களோடு சேர்ந்து படித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று என் கணவர் கேட்டார். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. அந்த எண் தெரியாமல் படங்களை வைத்து என்ன முடிவு செய்வது?

ஆனால் அங்கே நடக்கும் வாராந்திரத் தேர்வு எனக்குப் பிடித்திருந்தது. 180 கேள்வி, மூன்று மணி நேரம், ஓஎம்ஆர் தாள், எல்லாம் நிஜத் தேர்வு மாதிரியே. விடுதியில் ஒரு பெண்ணிடம் பேசினேன். "வீட்டில் எல்லாருக்கும் ஒரே ரூம் ஆன்ட்டி, டிவி ஓடிக்கிட்டே இருக்கும். இங்கே வந்துதான் படிக்கவே முடியுது" என்றாள். அவளுக்கு அந்தக் கட்டணம் ஒரு மேசையையும் அமைதியையும் வாங்கித் தந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இரவு மகளும் நானும் அவளுடைய ஓஎம்ஆர் நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உயிரியலில் 90 கேள்வியில் 78 சரி, 8 தவறு: 304. வேதியியலில் 30 சரி, 10 தவறு: 110. இயற்பியலில் 13 சரி, 24 தவறு: வெறும் 28. சரியான விடைக்கு நான்கு, தவறுக்குக் கழிவு ஒன்று. அந்த 24 கட்டங்களைத் தொடாமல் விட்டிருந்தாலே 466 வந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதிக்கு மேல் தெரிந்த சூத்திரம்தான். கணக்கைப் போட்டு முடிக்க நேரம் இல்லாமல் குத்துமதிப்பாக நிரப்பியிருக்கிறாள். சுழல் இயக்கமும் மின்னோட்டமும் மட்டும் அடிப்படையே புரியவில்லை.

மையத்தில் மூன்று பாடத்தையும் முதல் பாடத்திலிருந்து மறுபடி நடத்துவார்கள். தெரிந்த உயிரியலை இன்னொரு வருடம் உட்கார்ந்து கேட்பாள். கணக்குப் போட்டுப் பழக வேண்டிய நேரம் அதிலேயே போய்விடும்.

ஜூன் 22, ஞாயிறு

2016 வரை நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவம் படித்தார்கள். 2017இல் நீட் வந்தது. இரண்டாம் முறை எழுதுகிறவர்களுக்கும் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்குமே இந்தத் தேர்வு சாதகம் என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அறிக்கை தந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது; நல்ல சட்டம். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த என் மகளுக்கு அது கிடையாது. அவளோடு படித்தவர்களில் தறிக்காரர் பிள்ளைகளும் கூலிக்காரர் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வீட்டில் இப்படி இரண்டு வழியை வைத்து யோசிக்கும் வசதிகூடக் கிடையாது. நினைத்தால் மனம் கொதிக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

முடிவு செய்துவிட்டோம். வீட்டில்தான் படிக்கப் போகிறாள். இயற்பியலுக்கு மட்டும் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் மாலை டியூஷன். இவள் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவள். அதனால் உயிரியலுக்கும் வேதியியலுக்கும் என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் ஒரு மையத்தில் பணம் கட்டியிருக்கிறோம். ஞாயிறுதோறும் மதியம் 2 முதல் 5 வரை எழுதுவாள், நிஜத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில். மறுநாள், தவறான ஒவ்வொரு கேள்வியையும் தனி நோட்டில் மறுபடி போட்டுக் காட்ட வேண்டும் என்பது சாரின் நிபந்தனை.

அண்ணனுக்கு வருத்தம்தான். தானாக உட்கார்ந்து படிக்காத பிள்ளையாக இருந்தால் அவர் சொன்னபடியே கேட்டிருப்பேன். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: அட்வான்ஸ் கட்டும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து அந்த ஓஎம்ஆர் நகலைப் பாருங்கள். எந்தப் பாடத்தில், எதனால் மதிப்பெண் போனது என்று தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.