டேலி ஆயிடுச்சு மாமா!

பி.காம். படித்தவனிடம் ஊர் இரண்டே கேள்விதான் கேட்கும். ஒன்று, இன்கம்டாக்ஸ். இரண்டு, ‘பேங்க் எக்ஸாம் ஏன் எழுதலை?’ போன மாதம் என் அக்கா மகன் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தான்.

“மாமா, என் ப்ராஜெக்ட்டை உங்ககிட்ட சொல்றேன். உங்களுக்கே புரிஞ்சா, வைவாவுல யாருக்கும் புரியும்.”

அவமானம்தான். ஆனால் ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன் என்றதால் உட்கார்ந்தேன்.

பையன் மதுரையில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். எடுத்திருந்த விஷயம், நெய்வேலியில் மண் வெட்டுகிற ராட்சச மெஷின். போட்டோவிலாவது பார்த்திருப்பீர்கள். நீளமான இரும்புக் கை, நுனியில் ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றி வாளிகள். 1957-ல் நேரு தொடங்கிவைத்து, 1961-ல் நிலக்கரியைக் கண்ணில் காட்டிய சுரங்கம் அது. அங்கே பெரிய மெஷினில் ஒரு வாளி 1,400 லிட்டர். எங்கள் மொட்டைமாடி டேங்க்கே ஆயிரம்தான்! ஜெர்மனியில் இதன் பெரியண்ணன் ஒன்று இருக்கிறது. 1978-ல் கட்டியது, எடை 13,500 டன்.

நெய்வேலியில் மேல்மண் லேசுப்பட்டதில்லை. மணற்பாறை, வாளியின் பற்களையே தேய்த்துவிடும். ஒவ்வொரு வாளி கடிக்கும்போதும் கைக்கு ஒரு குலுக்கல். ஒரு குலுக்கலில் ஒன்றும் ஆகாது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் பட்டென்று போகுமே, அப்படித்தான் இரும்பும் களைத்துப்போகும். எங்கே முதலில் களைக்கும் என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் பையனின் வேலை.

“கையைக் குட்டிக் குட்டித் துண்டா நறுக்கிடுவோம் மாமா. துண்டுங்க சேர்ற இடத்துல புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலயும் வர்ற விசையெல்லாம் கூட்டினா பூஜ்யம் வரணும்.”

“அடப்பாவி, இது ட்ரயல் பேலன்ஸ்டா!”

ஃபைனைட் எலிமென்ட் என்று இதற்குப் பெயர் வைத்தவர் ரே க்ளஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 1960-ல். அவர் காமர்ஸ் படித்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

திரையில் கை முழுக்க நீலம், வெல்டு வைத்த மூலையில் மட்டும் சிவப்பு. ஆபத்தான அளவுக்குக் கீழேதான். “டேலி ஆயிடுச்சு மாமா!” என்று குதித்தான். மூன்று நாளில் வைவா.

அப்போதுதான் சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். நெய்வேலியில் முப்பது வருஷம் வெல்டர். ரிட்டயராகி இப்போது திருநகரில் இருக்கிறார். திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

“படம் நல்லாருக்கு பேராண்டி. சேறு எங்கே?”

“என்ன சேறு தாத்தா?”

“மழைக்காலத்துல களிமண்ணு வாளியில அப்பிக்கிடும்ப்பா. கொட்டினாலும் விழாது. வாளி காலியாத் திரும்புதுன்னு நீ கணக்குப் போட்டிருக்கே. அது சுமந்துக்கிட்டேல்ல திரும்பும்!”

பையன் முகம் வெளுத்துவிட்டது. மெஷினின் சொந்த எடை, வெட்டுகிற விசை, வெட்டிய மண் எல்லாம் போட்டிருந்தான். ஒட்டிய மண்ணைப் போடவில்லை. இந்த மெஷின்களுக்கான ஜெர்மன் விதிப் புத்தகத்தில் அதற்கென்றே தனிக் கணக்கு உண்டாம். அந்தப் பக்கத்தை ஐயா தாண்டிவிட்டார்.

எனக்கு மட்டும் இது புதிதில்லை. ஒரு வவுச்சர் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டாலும் ட்ரயல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும். எழுதாத கணக்கு எந்தப் பக்கமும் உதைக்காது. நான் அந்த வித்தையில் ஒருமுறை மாட்டி, ஒரு ராத்திரி முழுக்கச் சட்டைப்பைகளாகத் தேடியவன்.

“விடுங்க தாத்தா, இது ப்ராஜெக்ட்தானே... வைவாவுல யாரு சேத்தைக் கேக்கப்போறாங்க?”

சித்தப்பா அதட்டவில்லை. திரையில் அந்தச் சிவப்பு மூலையைத் தொட்டார்.

“இந்த இடத்துல ஏறி நின்னுதான்ப்பா நான் வெல்டு வைப்பேன்.”

அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பையன் கீபோர்டை இழுத்துக்கொண்டான்.

“ஒரு வாளிக்கு எவ்வளவு ஒட்டும் தாத்தா?”

சித்தப்பா இரண்டு கையையும் அகட்டி, “இம்புட்டு” என்று காட்டினார். பையன் ஸ்கேலைத் தேடினான். எனக்கு ஜிகர்தண்டா இன்னும் வரவில்லை.