கரைவலையும் வரவு இடாப்பும்

2021 ஆம் ஆண்டு யூன் மாதக் கடைசியில் பயணத்தடை தளர்ந்தது. தளர்ந்ததாயினும், மாகாண எல்லையைத் தாண்டலாகாது என்ற கட்டளை நீடித்தது. விடுமுறை வந்தால் நுவரெலியா என்றும் திருகோணமலை என்றும் புறப்பட்டுப் பழகிய எம் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு, ஒரு மாதம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பின், அயலிலுள்ள கடலே போக்கிடமாயிற்று. யூலை முதற் கிழமையில் ஒருநாட் காலை, துணைவியாரையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, நெல்லியடியிலிருந்து துன்னாலை, குடத்தனை வழியாக மணற்காட்டுக்குச் சென்றோம். அன்று எமக்கு இணைவழி வகுப்பு மாலையிலேதான்.

ஊரடங்கு என்பது கொள்ளைநோய் எமக்குக் கற்பித்த சொல்லன்று. எமது தலைமுறை அதனை அரிச்சுவடியோடு சேர்த்துக் கற்றது. கடலும் அப்படியே. போர்க்காலத்தில் மீன்பிடித் தடையும் காவலரண்களும் கடலை எம்மிடமிருந்து பிரித்து வைத்திருந்தன. பத்து மைல் தொலைவிலுள்ள கடலை, வளர்ந்து வேலைக்குப் போன பின்னரே ஆறுதலாக இருந்து பார்த்தவர் எம்மிற் பலர். ஆகவே அன்று மகள் வெண்மணல் மேட்டிலிருந்து சறுக்கி விளையாடியபோது, அவளிலும் பார்க்க நாமே மகிழ்ந்தோம் என்றால் அது மிகையன்று. மணலிற் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவிலைக் காட்டினோம். சவுக்கங்காட்டு நிழலிற் பாய் விரித்து, கொண்டு சென்ற இடியப்பத்தைப் பிரித்தோம். இக்கரையையும் 2004 திசம்பர் 26 இல் அலை வாரிச் சென்றது என்பதை மகளுக்குச் சொல்லவில்லை. உல்லாசமாக வந்த இடத்தில் எதற்கு என்று எண்ணினோம் போலும்.

சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் அதனைப் பார்க்க வேண்டும் என்றாள். வேடிக்கை பார்க்கத்தான் போனோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கரைவலை பலர் கூடிச் செய்யுந் தொழில். கடலுக்குள் அரைவட்டமாக வளைத்து விடப்பட்ட வலையின் இரு கயிறுகளையும், கரையில் இரு அணிகளாக நின்று இழுப்பர். இழுக்க இழுக்க இரு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். மடி கரை சேர ஒரு மணிநேரத்துக்கு மேலுஞ் செல்லும். குதிக்காலை மணலிற் புதைத்து, உடலைப் பின்சாய்த்து, ஓர் அடிக்கு ஓர் அடியாக இழுக்கும் அந்த உழைப்பைத் தொலைவில் நின்று பார்ப்பவர் அழகென்பர். எமது அணிக்கு வால் முனையில் ஒரு சிறுவன், வந்து சேர்ந்த ஈரக் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். முகக்கவசம் அணிந்திருந்த எம்மை அவன் உடனே இனங்கண்டுகொண்டான். கவசம் எதுவுமில்லாத அவன் முகத்தை இனங்காண எமக்குத்தான் நேரஞ் சென்றது. வெள்ளைச் சீருடை இல்லாமல் அவனை நாம் பார்த்ததேயில்லை.

“சேர்...” என்று இழுத்தான்.

பத்தாந் தரம், எமது வகுப்பு. முதலில் எம் வாயில் வந்த கேள்வி, “ஏன் வகுப்புக்கு வாறேல்லை?” என்பதே. வாத்தியாரின் வாய் வேறு எதைக் கேட்கும்?

“போன் ஒண்டுதான் சேர். அண்ணா கடலுக்குக் கொண்டு போயிடுவார். அவர் வந்தாலும் இங்க கவரேஜ் இல்லை. அந்த மேட்டில ஏறினாத்தான் எடுக்கும். பிறகு டேற்றாவும் போடவேணும்.”

அவன் காட்டியது, சற்று முன் எமது மகள் சறுக்கி விளையாடிய மணல் மேடு.

வலைக்குப் பொறுப்பாக நின்ற பெரியவர் எம்மைப் பார்த்து, குற்றஞ் சாட்டப்பட்டவர் போல, தாமாகவே விளக்கஞ் சொன்னார்: “மாஸ்ரர், வெளியிடத்து ஆக்கள் இந்தமுறை வரேல்லை. மாகாணந் தாண்ட விடுறாங்களில்லையே. இழுக்க ஆள் வேணும். பள்ளிக்கூடமும் பூட்டுத்தானே எண்டு பெடியளைக் கூப்பிட்டனாங்கள். வீட்டிலயும் கஷ்டம், தெரியுந்தானே.”

எம்மை இக்கரைக்கு உல்லாசமாக அனுப்பிய அதே கட்டளைதான் அவனைக் கயிற்றின் முனையில் நிறுத்தியிருந்தது.

வீட்டிற் கஷ்டம் ஏன் என்பதை நாம் அறியாமலில்லை. பத்திரிகையில் வாசித்துத்தான் இருந்தோம். 2020 ஒக்டோபரிற் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவிச் சந்தை மூடப்பட்டபோது, தென்னிலங்கைக்கு மீன் அனுப்பிய வடக்குக் கரைகளும் விலையிழந்து தவித்தன. மீன் உண்டால் நோய் வரும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு நவம்பரில் முன்னாள் அமைச்சரொருவர், ஊடகவியலாளர் முன்னிலையிற் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார்; நாமும் பார்த்துச் சிரித்தோம். சிரிப்பு அடங்கு முன், 2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பாற் கடலில் எக்ஸ்பிறெஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. இரசாயனமும் பிளாத்திக்குச் சிறுமணிகளும் கடலிற் கலந்தன. ஆமைகள் இறந்து ஒதுங்கின. மக்கள் மீண்டும் மீனை வெறுத்தனர். எரிந்த கப்பலின் சொந்தக்காரர் எவரென்று மணற்காட்டில் யாருக்குந் தெரியாது. நட்டத்தின் ஒரு பங்கு மட்டும் இங்கே தவறாமல் வந்து சேர்ந்தது. இதற்கெல்லாம் அரசு கொடுத்தது 5000 ரூபா நிவாரணம். எமக்கோ, பாடசாலை திறந்தாலும் மூடினாலும் மாத முடிவிற் சம்பளம் வங்கிக்கு வந்தது.

மடி கரையேறியது. சூடையும் நெத்தலியும், நடுவே சில பாரைக் குஞ்சுகளும். அவ்வளவு பேரின் இழுப்புக்கு அது போதாது என்பது எமக்கே தெரிந்தது. அதிலுஞ் சம்மாட்டியின் பங்கு கழிந்த பின்னரே இழுத்தவர்களுக்குப் பங்கு. அவன் ஒரு பையில் இரண்டு கை சூடையை அள்ளிப் போட்டு எமது மகளிடம் நீட்டினான். காசு கொடுக்க முயன்றோம். “சேரிட்டக் காசு வாங்கேலாது” என்று கைகளைப் பின்னே கட்டிக்கொண்டான். வகுப்பில் நிற்பது போலவே நின்றான். கட்டுமுன் உள்ளங்கைகளைக் கண்டோம். உப்புக் கயிறு உரசிய சிவந்த கோடுகள்.

அன்று மாலை வகுப்பில் நாம் கற்பித்தது நெய்தற்றிணை. கடலும் கடல் சார்ந்த இடமும் என்று தொடங்கி, முதல், கரு, உரி என்று ஒப்புவித்தோம். கருப்பொருளிற் ‘தொழில்’ என்ற இடத்தில், மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் என்று வழக்கம்போற் சொல்ல வாய் வந்து, நின்றுவிட்டது. “சேர், சத்தம் கேக்கேல்லை” என்று ஒரு பிள்ளை எழுதியது. 41 பேரில் 17 பேர் வந்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும், அதிபர் கேட்டிருந்தபடி, வராதோர் பெயர்களுக்கு நேரே சிவப்புக் கோடிட்டோம். அவன் பெயருக்கும் இட்டோம். இடாப்பில் வேறு குறி இடுவதற்கு இடமில்லை.

யூலை 12 ஆம் திகதி தொடக்கம் நாமும் இணைவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு 24 ஆண்டுகளாகத் தீர்க்கப்படாதிருந்தது. அப்போராட்டம் நியாயமானது; இன்றும் அதையே சொல்வோம். ஆயின், பிள்ளைகளின் கல்வி எம்மாற் கெடுகிறது என்று மேலிடத்தார் எம்மைத் தூற்றியபோது, பதில் சொல்ல நாம் தயங்கிய ஓர் இடமிருந்தது. பதினேழு பேருடைய கல்வியைத்தான் நாம் நிறுத்தினோம். ஏனையோருடையது முன்னமே நின்றுபோயிருந்தது. அதற்காக, ஒரேயொரு நாளாயினும், நாம் வேலையை நிறுத்தியதில்லை. கூட்டத்தில் ஒரு தீர்மானந்தானும் கொண்டு வந்ததில்லை. போராட்டக் குழுவிலிருந்த நண்பரொருவரிடம் இதனைச் சொன்னபோது, “இப்ப இதைக் கதைச்சால் அவங்களுக்குத்தான் வாய்ப்பு” என்றார். அவர் சொன்னதிலும் உண்மையிருந்தது. நாம் பேசாதிருந்துவிட்டோம்.

நவம்பரில் மேல் வகுப்புகள் மீண்டுந் தொடங்கின. முதல் நாள் அவன் வரவில்லை. இரண்டாங் கிழமையில் வந்தான். சட்டை தோளில் இறுகியிருந்தது, குரல் உடைந்திருந்தது. இடாப்பை விரித்துப் பெயரைக் கூப்பிட்டோம். யூலை மாதப் பக்கத்துச் சிவப்புக் கோடுகளைத் திருத்த விதியில் இடமில்லை. அவை இன்றும் அப்படியே இருக்கின்றன.