முதல் வாசிப்பு யார் பொறுப்பு?

பிப்ரவரி 3

பழைய மேசைக்கணினியின் சாட்டா டிஸ்க் செத்துவிட்டது. அதற்குப் பதிலாக பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு என்விஎம்இ கார்டு. மதர்போர்டின் பூட் பட்டியலில் அது வரவே இல்லை. எழுதிப் பார்த்தால்தான் இது விளங்கும்.

பிப்ரவரி 4

விண்டோஸ் 10 நிறுவியைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினால் கார்டு தெரிகிறது. பிரித்துக்கொள்ளலாம், கோப்புகளும் முழுதாக ஏறிவிடும். மறுபடி தொடங்கியதும் ‘பூட் சாதனம் இல்லை’ என்ற வரி. மின்சாரம், ஸ்லாட், கார்டு எதிலும் பழுதில்லை. நிறுவியிடம் என்விஎம்இ டிரைவர் இருக்கிறது, போர்டின் ஃபர்ம்வேரிடம் இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான். கார்டைப் படிக்க டிரைவர் வேண்டும், அந்த டிரைவரோ கார்டுக்குள் இருக்கும் விண்டோஸில் இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் கயிறு கிணற்றுக்குள்ளேயே கிடப்பது போல.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல, தீர்வில்லாததும் அல்ல. பழைய பயாஸ் ‘இன்ட் 13’ என்ற அழைப்பின் வழியே டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் உரிய அடையாளம் இருந்தால் கட்டுப்பாட்டை அங்கே ஒப்படைத்துவிடும். பயாஸுக்குத் தெரியாத ஸ்கஸி கார்டையோ ரெய்டு கார்டையோ செருகினாலும் கவலை இல்லை. அந்தக் கார்டு தன் மேலேயே ஒரு சிறு ஆப்ஷன் ரோம் வைத்திருக்கும். பயாஸ் அதைத் தேடிப்பிடித்து ஓட்டும், அது ‘இன்ட் 13’-ஐத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். புதிதாக வந்த கருவி, தன்னை எப்படிப் படிப்பது என்ற அறிவையும் கையோடு கொண்டுவந்தது. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பொறுப்பு யார் கையிலிருந்து நழுவியது?

பிப்ரவரி 5

இன்று எரிச்சல்தான். நல்ல போர்டு, நல்ல கார்டு, நடுவில் ஒரு மௌனம்.

பிப்ரவரி 9

வேகத்துக்கும் பூட் ஆவதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஃபியூஷன்-ஐஓ நிறுவனத்தை விட நல்ல சாட்சி கிடையாது. 2007-இல் அது அறிவித்த ஐஓடிரைவ் என்ற ஃபிளாஷ் கார்டு, அன்றைய எந்த ஹார்ட் டிஸ்கும் நெருங்க முடியாத வேகத்தில் ஓடியது. ஆனால் எந்தத் தரவு எந்த ஃபிளாஷ் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையை அது கார்டில் வைக்கவில்லை. சர்வரின் நினைவகத்தில், தன் டிரைவரின் பொறுப்பில் வைத்தது. சர்வரின் பிராசஸரே அந்த வேலையைச் செய்ததால் தாமதம் குறைந்தது. அதே காரணத்தால் இயங்குதளம் எழுந்து டிரைவர் ஏறும்வரை கார்டில் படிக்க எதுவும் இல்லை. எனவே அந்த சர்வர்களில் பூட் ஆவதற்கென்று தனியாக ஒரு சாதாரண டிஸ்க் இருக்கும். டேட்டாபேஸ் சர்வருக்கு இது நியாயமான பேரம் என்று ஒப்புக்கொள்கிறேன். 2010-இல் வந்த ஓசிஇசட் ரெவோடிரைவ் எதிர்த்திசையில் போனது. இரண்டு எஸ்எஸ்டி கன்ட்ரோலர்கள், அவற்றுக்கு முன்னால் ஒரு ரெய்டு சிப், அதற்கென ஒரு ரோம். ஐஓடிரைவின் நுணுக்கம் அதில் இல்லை. ஆனால் வீட்டுக் கணினி அதிலிருந்து பூட் ஆனது. எது உயர்ந்தது என்ற கேள்வியே இங்கு எழவில்லை. முதல் வாசிப்பை யார் சுமப்பது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தானாகவே முடிவு செய்துகொண்டார், வாங்கியவர் அந்த முடிவோடு வாழ்ந்தார்.

பிப்ரவரி 10

என்விஎம்இ இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் வந்தது. 2011-இல் முதல் வரையறை, 2012-இல் லினக்ஸ் 3.3 கெர்னலில் டிரைவர், 2013-இல் விண்டோஸ் 8.1-இல் உள்ளமைந்த ஆதரவு. எல்லாக் கார்டுக்கும் ஒரே டிரைவர். பெரிய நன்மை, சந்தேகமில்லை. ஆனால் ஒரே டிரைவர் போதும் என்றானதும், ‘அதை மதர்போர்டே வைத்துக்கொள்ளட்டும்’ என்று கார்டு செய்பவர்கள் ரோமைக் கைவிடத் தொடங்கினார்கள். 2015-இல் வந்த சாம்சங் 950 புரோவில் பழைய பயாஸுக்கான ரோம் இருந்தது. அதனாலேயே பழைய போர்டுக்காரர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். அப்படி ரோம் சுமக்கும் கார்டுகள் அரிது. கார்டுக்காரர் இறக்கி வைத்த சுமையைப் புதிய போர்டுகள் எடுத்துக்கொண்டன. 2011-க்கும் 2013-க்கும் இடையில் விற்ற போர்டுகளுக்காக அதை எடுக்கப் பெரும்பாலும் ஆளில்லை.

பிப்ரவரி 14

பழைய போர்டுக்கும் தயாரிப்பாளரே என்விஎம்இ டிரைவரைத் தர வேண்டும் என்பது என் கட்சி. இதற்கு வரும் மறுப்புகளை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். முதலாவது: பழைய கணினிக்கு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போதாதா? பூட் ஆகும் நேரத்தை மட்டும் பார்த்தால் போதும், அதில் எனக்கு வாதமில்லை. என்விஎம்இயின் பலம் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான கட்டளைகளை வரிசைகளில் ஏற்பது. சாட்டா பயன்படுத்தும் ஏஹெச்சிஐ முறைக்கு ஒரே வரிசை, 32 கட்டளைகள். பூட் வேலை அந்தப் பலத்தை ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஆனால் என் வாதம் நொடிகளைப் பற்றியது அல்ல. தரவையும் இயங்குதளத்தையும் ஒரே சேமிப்பகத்தில் வைத்து, அது ஒன்று நலமாக இருந்தால் கணினி எழும் என்று நம்ப முடிவதைப் பற்றியது. இரண்டாவது மறுப்பு: விற்று முடித்த போர்டுக்குப் புது ஃபர்ம்வேர் எழுதிச் சோதிக்க யார் செலவு செய்வது? இது வலுவான கேள்வி. ஆனாலும் பழைய பயாஸுக்குப் பின் வந்த ஃபர்ம்வேர் முறையான யூஇஎஃப்ஐ என்பதே டிரைவர்களைத் தனித்தனிப் பகுதிகளாகச் சேர்க்கும்படி அமைந்தது. அதற்கான என்விஎம்இ டிரைவர் டியானோகோர் திட்டத்தில் திறந்த மூலமாக, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. சிறிய நிரல், புதிதாக எழுத வேண்டியதில்லை, சோதிக்க வேண்டியதுதான். 2014-இல் வந்த இன்டெல் இசட்97 போர்டுகளுக்குச் சில தயாரிப்பாளர்கள் பிறகு அப்டேட்டாகவே இதைத் தந்தார்கள். ஆக, முடியாது என்பது தடையாக இருக்கவில்லை. மூன்றாவது மறுப்பு பாதுகாப்பு: ஃபர்ம்வேரில் யாரும் கைவைக்கலாம் என்றால் ஆபத்து. உண்மை. அதனால்தான் தயாரிப்பாளரே கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்கிறேன். அவர் தராதபோது அதே ஆபத்தான வழிதான் மக்களுக்கு மிஞ்சுகிறது.

பிப்ரவரி 15

குளோவர் என்ற பூட்லோடரை ஏற்றிய பென் டிரைவ் வேலை செய்கிறது. ஃபர்ம்வேர் அதைப் படிக்கிறது, அது என்விஎம்இ டிரைவரை நினைவகத்தில் ஏற்றுகிறது, அதன்பின் கார்டிலிருந்து விண்டோஸ் எழுகிறது. மனசு லேசானது.

பிப்ரவரி 17

லேசான மனசு நிலைக்கவில்லை. விலை குறைந்த ஒரு பென் டிரைவ் கழன்றால் மொத்த இயந்திரமும் ஊமை. லினக்ஸில் ‘/பூட்’ பகுதியை மட்டும் வெளியே வைப்பதும் இதே ஏற்பாடுதான். ஐஓடிரைவுக்குப் பக்கத்தில் நின்ற அந்தச் சாதாரண டிஸ்கும் இதுதான்.

பிப்ரவரி 21

ராஸ்பெர்ரி பை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பல தலைமுறைகள் எஸ்டி கார்டிலிருந்து எழுந்த பலகை அது. பை 4 முதல் பூட்லோடரை அழித்தெழுதக்கூடிய ஒரு சிறு சிப்பில் வைத்தார்கள். பின்னர் வந்த அப்டேட்கள் அதற்கு யூஎஸ்பியையும், கம்ப்யூட் மாட்யூல் 4-இல் என்விஎம்இயையும் கற்றுத்தந்தன. எதை முதலில் தேடுவது என்ற வரிசையைக்கூட உரிமையாளரே ஒரு வரியில் மாற்றலாம். ஒரே நிறுவனம், ஒரே பலகை, அதனால் எளிது என்பார்கள். பாதி சரி. நூறு விதப் போர்டு செய்பவருக்கு வேலை கூடுதல்தான். ஆனால் விற்ற பிறகும் அந்தப் பலகை புதிய சேமிப்பகத்தைப் படிக்கக் கற்றது, பழையதைத் தூக்கிப்போட வேண்டிய அவசியம் அங்கே வரவில்லை.

பிப்ரவரி 22

என் போர்டின் ஃபர்ம்வேரில் என்விஎம்இ டிரைவரை நானே சேர்ப்பதா, பென் டிரைவோடு ஓட்டுவதா? சேர்க்கும்போது தவறினால் போர்டே போய்விடும். பயாஸ் சிப் சாக்கெட்டில் இருந்தால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், பற்றவைத்திருந்தால் கிளிப் போட்டு எழுதும் கருவி வேண்டும். மூடியைத் திறந்து முதலில் அதைப் பார்க்க வேண்டும்.