முதுகுத் தண்ணியும் கூடவே ரத்தமும்

ஆரணி, வந்தவாசிப் பக்கத்து நெசவாளர்கள் கால் தளர்ந்து வந்தால் ஸ்கேனுக்கு முன் தறியைப் பற்றித்தான் கேட்பேன். மிதிபலகையிலிருந்து எந்தக் கால் முதலில் நழுவியது? நாலைந்து நாளில் வந்ததா, வருஷக்கணக்கில் மெல்லத் தளர்ந்ததா? நடுவில் ஒரு கண் மங்கித் தெளிந்ததா? நரம்பு மண்டல நோயான மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) வந்து வந்து தணிகிற வகையா, தொடக்கம் முதலே ஏறிக்கொண்டு போகிற வகையா என்பதை இந்தப் பதில்கள்தான் பிரிக்கும்.

"முதுகுல தண்ணி எடுத்தா இடுப்பு விழுந்துடுமாமே சார்?" நோயை உறுதிசெய்ய முதுகிலிருந்து தண்டுவட நீர் எடுக்க வேண்டும் என்றதும் இதைக் கேட்காத குடும்பம் அபூர்வம். முழங்காலை வயிற்றோடு மடக்கி ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். இடுப்பெலும்பு மேட்டுக்கு நேராக விரலால் தடவி, முள்ளெலும்புகளின் இடைவெளியைத் தேடுவேன். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதைத் தொடாது. சிலருக்குச் சில நாள் தலைவலி வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அன்றைக்கே ரத்தமும் எடுத்தாக வேண்டும். ஆய்வகத்தில் இரண்டையும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுவார்கள். ரத்தத்தில் இல்லாத கோடுகள் தண்டுவட நீரில் இரண்டோ அதற்கு மேலோ தெரிந்தால், நரம்பு மண்டலத்துக்குள்ளேயே எதிர்ப்புப் புரதம் உருவாகிறது என்று பொருள். இரண்டிலும் ஒரே கோடுகள் என்றால் அது உடம்பு முழுவதற்குமான சங்கதி. ரத்தம் இல்லாமல் நீர் மட்டும் ஆய்வகத்துக்குப் போவதை இன்றும் பார்க்கிறேன். அந்த நோயாளிக்கு முதுகில் குத்தியதே வீண். எனக்கு ஆறாத வருத்தம் அது.

ஆனால் ஆலிகோகுளோனல் கோடுகள் எனப்படும் இவை நோயின் பெயரைச் சொல்லாது. மூளையைத் தாக்கும் காசநோயிலும் சிபிலிஸிலும்கூட அவை வரலாம். எம்.எஸ்.ஸின் இரண்டு வகையிலும் இருக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மெக்டொனால்ட் வரையறைப்படி, வந்து தணிகிற வகையில் இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திராமல் நோயை உறுதிசெய்ய அவை உதவுகின்றன. ஏறிக்கொண்டே போகும் வகையில், ஒரு வருஷத் தொடர் சரிவோடு சேர்த்துப் பார்க்கும் மூன்று சான்றுகளில் ஒன்றாகின்றன. நியூரோஃபிலமென்ட் என்ற நரம்புப் புரதத்தின் அளவோ நரம்பு எவ்வளவு சிதைகிறது என்று காட்டும். எதனால் என்று காட்டாது.

நம் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது வேறு குழப்பத்துக்கு. நியூரோமையலிட்டிஸ் ஆப்டிகா என்ற நோய் பார்வைக்கு எம்.எஸ். போலவே இருக்கும், கோடுகள் பெரும்பாலும் இருக்காது. அதற்கான எதிர்ப்புப் புரதத்தை 2004-இல் மேயோ கிளினிக்கின் வாண்டா லெனன் குழு கண்டறிந்தது. அதை ரத்தத்தில்தான் தேட வேண்டும். மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் பல வருஷமாக இந்த நோய்களுக்குப் பதிவேடு வைத்துச் செய்துவரும் பணி, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் மருத்துவர்களைப் பழக்கியிருக்கிறது. எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரானும் ஃபிங்கோலிமோடும் நியூரோமையலிட்டிஸை முடுக்கிவிடும், பார்வையே போகலாம்.

வட ஐரோப்பாவில் எம்.எஸ். நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கோடுகள் தெரியும். இந்தியாவில் அவ்வளவு இல்லை. ஆகவே கோடு இல்லை என்பதற்காக எம்.எஸ்.ஸைத் தள்ளிவிடவும் மாட்டேன். கோடில்லாமல், தண்டுவட வீக்கம் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு ஓடியிருந்தால், நியூரோமையலிட்டிஸைச் சந்தேகித்து, அப்போதைய தாக்குதலுக்கு ஸ்டீராய்டு கொடுப்பேன்; அந்த எதிர்ப்புப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை நீண்டகால மருந்தைத் தொடங்க மாட்டேன்.