கோத்தகிரியில் ஒரு கிழட்டு ஜீப்

கோடை விடுமுறை வந்துவிட்டால் உபாத்தியாயர்களுக்கு இரண்டு ஆசைகள் உண்டாகின்றன. ஒன்று, பரீட்சைத் தாள்களைக் கண்ணால் பாராமல் இருப்பது. மற்றொன்று, மலைமேல் போய்க் குளிரில் நடுங்குவது. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றிக்கொள்ளும் உத்தேசத்துடன் சென்ற வைகாசியில் நாம் மேட்டுப்பாளையத்தில் வந்து இறங்கினோம்.

நம்மை அழைத்துப்போக வந்திருந்தவர் நம்முடைய பழைய மாணவர். பதினைந்து வருஷங்களுக்கு முன் நம்மிடம் பௌதிகம் படித்தவர். இப்போது கோத்தகிரிக்கு அப்பால், படகர்களின் ஹட்டி ஒன்றில், மூன்று ஏக்கர் தேயிலை வைத்து விவசாயம் செய்கிறார். அவர் கொண்டுவந்திருந்த வாகனத்தைக் கண்டதும், நடந்தே போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தோம். கூரை கித்தான், கதவு கிடையாது, பச்சை வர்ணம் பாதி, துரு பாதி.

"அப்பா வாங்கின ஜீப், சார். பயப்படாமல் ஏறுங்கள்" என்றார் மாணவர்.

ஏறினோம். கோத்தகிரிக்கு முப்பத்து மூன்று கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் அதற்குள் ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரம் ஏறியாக வேண்டும். பாக்குத் தோப்புகள் கீழே போயின. காற்றில் குளிர்ச்சி தட்டியது. வளைவுக்கு வளைவு பவானிப் பள்ளத்தாக்கு சித்திரம்போல் விரிந்தது. நாம் அதை ரசிக்கத்தான் விரும்பினோம். ஆயினும், ஒவ்வொரு வளைவிலும் என்ஜின் விட்ட பெருமூச்சு நம் கவனத்தை அதன் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது.

ஹட்டியை அடைந்ததும் கொட்டகையில் ஒரு காட்சியைக் கண்டோம். தரையில் கோணியை விரித்து, அதன்மேல் வேறொரு என்ஜினை வைத்திருந்தார்கள். அதே கம்பெனியின் பிற்கால வண்டியொன்றிலிருந்து கழற்றிய, இரண்டரை லிட்டர் டர்போ டீஸல் என்ஜின். பழைய பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு இதைப் பொருத்துவது மாணவரின் திட்டம். அந்தத் திட்டத்தினால் வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு மாதமாகச் சரியான பேச்சு இல்லை.

"மாஸ்டர், நீங்கள் சொன்னால் கேட்பான். அவர் கையால் ஓட்டின வண்டி. என்ஜினையே எடுத்துவிட்டால் அப்புறம் அவருடைய வண்டி என்று என்ன மிச்சம்?" என்றார் அந்த அம்மாள், நம் கையில் தேநீரைக் கொடுத்துக்கொண்டே.

உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பச்சைத் தேயிலை மூட்டைகளுடன் நாமும் ஜீப்பில் ஏறினோம். பறித்த இலை அன்றைக்கே தொழிற்சாலை போய்ச் சேரவேண்டும். மூட்டைக்குள் நெருங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும்; சிவந்த இலைக்கு விலை இல்லை. தோட்டத்திலிருந்து ரஸ்தாவுக்கு ஏறும் மண்பாதையில், பாதித் தூரத்தில், என்ஜின் இருமிற்று, நடுங்கிற்று, நின்றுவிட்டது. வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. கீழே ஓடை. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த ஆள் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். நாம் எவ்வாறு இறங்கினோம் என்பது இன்றுவரை நமக்கு ஞாபகமில்லை.

"நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான், சார். காற்றழுத்தம்" என்றார் மாணவர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

வாஸ்தவந்தான். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். என்ஜின் எரிப்பது எண்ணெயை மட்டுமல்ல, காற்றையுந்தான். காற்று குறைந்தால் சக்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். சமவெளியில் எழுபது குதிரை இழுக்கும் என்ஜினிலிருந்து இங்கே பதினான்கு குதிரைகள் கழன்றுகொள்கின்றன. தேய்ந்த கிழட்டு என்ஜினாயின் இன்னும் சில குதிரைகள் படுத்துவிடும். டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சாதனம். மலையில் இழந்ததை அது பெரும்பாலும் மீட்டுக் கொடுக்கிறது. டீஸலுக்கு மற்றொரு குணமும் உண்டு. அது வேகமாகச் சுழலாமலே பலமாக இழுக்கும். மூட்டை சுமப்பவனுக்கு ஓட்டத்தைவிட இழுப்பே முக்கியம்.

ஆகவே, பிள்ளையின் கட்சி பலமானது என்று கண்டோம். ஆனால் இலையை இறக்கிவிட்டுத் திரும்பிச் சரிவில் இறங்கியபோது வேறொரு விஷயத்தையும் கண்டோம். பிரேக் கருகும் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அன்று இரவு கணப்பின் முன் பஞ்சாயத்து கூடிற்று. நாம் முதலில் அம்மாளிடம் ஒரு கதை சொன்னோம்.

இரண்டாவது மகாயுத்தத்தில் ஓடிய ஜீப்பின் மூக்கு தாழ்வானது. அதன் என்ஜின் அறுபது குதிரைச் சக்தி உடையது. பின்னர் வில்லிஸ் கம்பெனியார், அதே 2,199 கன சென்டிமீட்டர் கொள்ளளவில், காற்று உட்புகும் வால்வுகளை மேலே தூக்கி வைத்து, எழுபதுக்கு மேல் சக்தி தரும் என்ஜினைச் செய்தார்கள். அது உயரமான என்ஜின். பழைய மூடியின் கீழ் அடங்கவில்லை. எனவே 1953-இல் மூடியையே உயர்த்திவிட்டார்கள். 1947 முதல் பம்பாயில் ஜீப் பூட்டிவந்த மஹிந்திரா கம்பெனியார் அந்த உயர்ந்த மூக்கு ஜீப்பைத்தான் பல்லாண்டுகள் நம் நாட்டில் செய்தார்கள். பிற்பாடு அவர்களே அந்த வார்ப்பில் பெஜோ டீஸல் என்ஜினையும் பொருத்தினார்கள்.

"உங்கள் வீட்டுக்காரர் வாங்கிய இந்த ஜீப்பின் முகமே என்ஜினை மாற்றியதால் வந்த முகந்தான், அம்மா" என்றோம்.

அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பினோம். "ஏறுவதற்கு வழி செய்துவிட்டாய், இறங்குவதற்கு?" என்று கேட்டோம். புது என்ஜின் கனமானது. முன்பக்கத்துப் பட்டைகள் அதைத் தாங்கவேண்டும். அதன் முறுக்கு விசையைப் பழைய கியர் பெட்டியும் அச்சும் பொறுக்கவேண்டும். ரேடியேட்டர் பெரிதாகவேண்டும். என்ஜினும் கியர் பெட்டியும் ஒரு மயிரிழையும் பிசகாமல் நேர்கோட்டில் சேரவேண்டும். அனைத்துக்கும் மேலாக, சக்தி கூடினால் பிரேக்கும் கூடவேண்டும். சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, என்ஜினை மாற்றப் பதிவு அதிகாரியின் அங்கீகாரம் வேண்டும். கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறது. காகிதம் சரியில்லாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால், இன்ஷியூரன்ஸ் கம்பெனியிடம் போய் நிற்க முடியாது.

மாணவர் சிறிது நேரம் தணலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மனு போட்டிருக்கிறேன், சார். பதில் வரவில்லை. பிரேக்கைத்தான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்" என்று ஒப்புக்கொண்டார்.

"முதலில் பிரேக்கைப் பார். அனுமதி வரும் வரையில் அந்த என்ஜின் கோணியின்மேலேயே இருக்கட்டும். அது வரையில் மூட்டையைப் பாதியாகக் குறைத்து இரண்டு நடையாக ஏற்று" என்றோம்.

அப்போதுதான் அம்மாள் வாய் திறந்தார். "மாற்றுவதானால் மாற்றட்டும். ஆனால் பழைய என்ஜினைக் காயலான் கடைக்குப் போடக்கூடாது. கொட்டகையில் இருக்கட்டும்" என்றார்.

"இருக்கட்டும் அம்மா" என்றார் பிள்ளை. ஒரு மாதத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் என்று பின்னால் அறிந்தோம்.

திரும்பும்போது குன்னூரில் மலை ரயில் ஏறினோம். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் வந்த ரயில் இது. ஆதியில் இழுத்த என்ஜின்கள் இன்று இல்லை. 1914 முதல் ஸ்விட்ஜர்லாந்திலிருந்து வந்த பலமான என்ஜின்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும், "இது அந்த ரயில் அல்ல" என்று ஒருவரும் சொல்லக் காணோம். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் இந்தப் பாதையில் என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கிறது. ஏறும்போது பின்னிருந்து தள்ளுகிறது; இறங்கும்போது முன்னின்று தாங்குகிறது. அது போதாதென்று ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஓர் ஆள் பிரேக்கில் கை வைத்து நிற்கிறார்.

நம் பெட்டியின் பிரேக்காரர் வழியெல்லாம் பள்ளத்தாக்கின் அழகை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் நாம் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு வந்தோம்.