விசிறியின் வேகமும் வெப்பத்தின் கணக்கும்

ஓசையைக் கொண்டு ஒரு பொருளின் நலந்தீங்கை மதிப்பிடுதல் மனித குலத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்று. வண்டிச் சில்லின் கிறீச்சொலியும் கிணற்றுக் கப்பியின் முனகலும் எண்ணெய் இடுவதற்கான அழைப்புகளாகவே கொள்ளப்பட்டு வந்தன. அவ்வழக்கம் இன்று கணினியிடத்தும் தொடர்கின்றது. அதனுள் இருக்கும் விசிறி இரைந்தால் இயந்திரத்துக்கு நோய் என்றும், அடங்கியிருந்தால் நலம் என்றும் கருதுவோர் பலர். வண்டிச் சில்லுக்குப் பொருந்தும் இம்முடிபு விசிறிக்கு அப்படியே பொருந்துவதில்லை. சில்லு தன் குறையைத் தானே சொல்கின்றது; விசிறியின் வேகமோ பெரும்பாலும் வேறொன்றின் நிலையைச் சொல்கின்றது. அது ஒரு விடை. எவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடை என்பதை அறியாதவரை அதனைக் கொண்டு எம்முடிபுக்கும் வருதல் இயலாது.

வினா வெப்பத்தைப் பற்றியது. கணினி ஒரு கடிதத்தைப் பதிவு செய்தாலும் கடினமான சமன்பாடுகளைத் தீர்த்தாலும், அதன் மூளையாகிய முறைவழியாக்கி நுகரும் மின்சத்தி இறுதியில் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகின்றது. 65 வாற்று வலுவை நுகரும் முறைவழியாக்கி, பழைய இழைமின்குமிழ் ஒன்று வெளிவிட்ட அளவு வெப்பத்தைப் பெருவிரல் நகமளவான சிலிக்கன் துண்டொன்றில் உண்டாக்குகின்றது. இதனை மறந்து அமைதியை மட்டும் விரும்பியோர் வரலாற்றில் உண்டு. ஓசையற்ற கணினி வேண்டுமென்ற ஸ்டீவ் ஜொப்ஸின் விருப்பத்துக்கு இணங்க, 1984 இல் வெளிவந்த மக்கின்ரோஷ் விசிறியின்றியே அமைந்தது. 1987 இல் அவ்வரிசையில் வந்த மக்கின்ரோஷ் எஸ்.இ. விசிறியுடன் வந்தது. 2004 இல் இன்ரெல் நிறுவனம், தான் உருவாக்கிக்கொண்டிருந்த தெஜஸ் என்னும் முறைவழியாக்கியைக் கைவிட்டு, ஒரே துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை அமைக்கும் வழிக்குத் திரும்பியது. அம்முடிவின் பின்னாலும் வெப்பமே நின்றது.

வெப்பத்தைச் சுமந்து செல்வது வளி. வளியை நகர்த்துவதே விசிறியின் தொழில். 100 வாற்று வெப்பத்தை அகற்ற வேண்டியுள்ளது எனக் கொள்க. உட்புகும் வளி வெளியேறும்போது 10 பாகை செல்சியஸ் மட்டுமே சூடேறியிருத்தல் வேண்டுமாயின், செக்கனுக்கு ஏறத்தாழ எட்டரை இலீற்றர் வளி கடந்து செல்லுதல் அவசியம். அவ்வோட்டம் பாதியாகுமாயின் வளி 20 பாகை சூடேறும்.

அவ்வாறாயின் விசிறியை எப்பொழுதும் முழு வேகத்தில் ஓடவிட்டால் என்ன என்னும் கேள்வி எழுதல் இயல்பே. விசிறியின் வேகம் நிமிடத்துக்கு இத்தனை சுற்று எனக் குறிக்கப்படும். அவ்வெண் இருமடங்கானால் வளியோட்டமும் இருமடங்காகும். அமுக்கம் நான்கு மடங்காகும். சுழற்றத் தேவையான வலுவோ எட்டு மடங்காகும். ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல்லால் உயரும். 10 டெசிபெல் உயர்வே செவிக்கு ஏறக்குறைய இருமடங்கு இரைச்சலாகத் தோன்றும் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. இக்கணக்கின் மறுபக்கம் பயனுடையது. 2000 சுற்றில் ஓடும் விசிறியை 1600 சுற்றுக்குக் குறைத்தால் இழக்கப்படுவது வளியோட்டத்தில் ஐந்திலொரு பங்கு. மிஞ்சுவதோ வலுவில் ஏறத்தாழப் பாதி. ஓசையும் ஏறத்தாழ 5 டெசிபெல் தணியும். விசிறியின் பருமனும் கவனத்துக்குரியது. ஒரே வடிவமைப்பும் ஒரே வேகமும் உடைய இரு விசிறிகளுள், 120 மில்லிமீற்றர் விட்டமுடையது 80 மில்லிமீற்றர் விட்டமுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட வளியை நகர்த்தும். பெரிய விசிறி மெல்லச் சுழன்று செய்யும் வேலையைச் சிறிய விசிறி அலறிக்கொண்டு செய்கின்றது.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கின்றது. மேசைக் கணினி விசிறிகள் பலவற்றில் நான்கு கம்பிகள் உள. இரண்டு மின்னைக் கொணர்வன. மூன்றாவது, சுற்றொன்றுக்கு இரண்டு துடிப்புகள் வீதம் வேகத்தை அறிவிப்பது. செக்கனுக்கு 40 துடிப்புகள் வருமாயின் விசிறி நிமிடத்துக்கு 1200 சுற்றுச் சுற்றுகின்றது. நான்காவது கட்டளையைக் கொணர்வது. செக்கனுக்கு ஏறத்தாழ 25,000 தடவை எழுந்து விழும் சைகையில், எழுந்திருக்கும் நேரத்தின் விகிதமே வேகத்தை நிர்ணயிக்கின்றது. அத்துடிப்பு மனிதச் செவியின் எல்லைக்கு அப்பாற்பட்டதாதலின் கேட்பதில்லை. வெப்பநிலை ஏற வேகம் ஏறும், தணியத் தணியும். ஒரு பெரிய கோப்பைத் திறந்தவுடன் விசிறி பெருமூச்செறிந்து பின்னர் அடங்குவது இதனாலேயே.

வெப்ப நாடுகளில் இக்கணக்கில் மேலும் ஓர் உறுப்புச் சேர்கின்றது. விசிறி வளியை நகர்த்துமேயன்றிக் குளிர்விப்பதில்லை. 20 பாகை அறையில் 70 பாகையில் நிற்கும் முறைவழியாக்கி, அதே வேலையையும் அதே விசிறி வேகத்தையும் கொண்டு 30 பாகை அறையில் ஏறத்தாழ 80 பாகையில் நிற்கும். யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலில் கணினியின் விசிறி கூடுதலாக இரைவது குற்றமன்று.

யாழ்ப்பாணத்து வாடகை அறையொன்றில் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவன் ஒருவனுக்கு இது புரியவில்லை. இரவெல்லாம் அவனது மடிக்கணினி இரைந்தது. அறைத்தோழனின் உறக்கம் கெட்டது. மென்பொருள் ஒன்றின் துணையால் அவன் விசிறியின் வேகத்துக்கு எல்லை வகுத்தான். அறை அமைதியடைந்தது. ஆயின், மாலையில் தொடங்கி இரவு உணவுக்குள் முடிந்த புள்ளிவிபரக் கணிப்புகள் அதன்பின் விடியும்வரை நீண்டன. முறைவழியாக்கி ஆபத்தான வெப்பநிலையை அடையும்பொழுது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதை அவன் அறிந்திலன். கணினிக்கு வயதாகிவிட்டது என எண்ணினான். ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. புதியதொன்றை வாங்குவதற்கு ஊரில் தாயின் காப்பு அடகுக்குப் போக இருந்த வேளையில், திருத்துநர் ஒருவர் கணினியின் அடித்தட்டைக் கழற்றினார். வெப்பத்தைப் பரப்பும் மெல்லிய உலோகத் தகடுகளின் இடைவெளியில் தூசி கம்பளம் போற் படிந்து கிடந்தது.

"தம்பி, விசிறியிலை பிழையில்லை. காத்துப் போற வழிதான் அடைபட்டுக் கிடக்குது" என்றார் அவர். ஒரு தூரிகையும் கால் மணி நேரமும் போதுமாயிருந்தன. காப்பு தாயின் கையிலேயே தங்கிற்று.

அத்திருத்துநரின் கூற்றில் ஆழ்ந்த பௌதிகம் ஒன்றுண்டு. சுற்றுகளின் எண்ணிக்கை வளியின் அளவைச் சொல்வதில்லை. வழி அடைபட்டால் வளியோட்டம் குன்றும், எண் குன்றவேண்டுமென்பதில்லை. மடிக்கணினிகளில் அமைந்துள்ள மையநீக்க விசிறி, வழி அடைபட்டவிடத்துத் தள்ளுதற்கு வளி குறைதலால் சுமை குறைந்து, முன்னிலும் விரைவாகச் சுழலவும் கூடும். ஆதலின் மூன்று எண்களை ஒருங்கே நோக்குதல் வேண்டும்: செய்யப்படும் வேலையின் அளவு, வெப்பநிலை, விசிறியின் வேகம். வேலை மிகுந்து விசிறி இரைந்தால் அது கடமையைச் செய்கின்றது. வேலையின்றி இரைந்தால் வழியைச் சோதிக்க வேண்டும். வேலையும் வெப்பமும் மிகுந்திருக்க விசிறி மௌனமாயிருக்குமாயின், அஞ்ச வேண்டிய வேளை அதுவே.

இரைச்சலைத் தாங்கவியலாதோர்க்கு வழிகள் உள. தூசியை அகற்றலாம், கணினியை மெத்தையில் வையாது வளி புகும்படி மேசையில் உயர்த்தி வைக்கலாம், மேசைக் கணினியாயின் பெரிய விசிறியைப் பொருத்தலாம், வேலையின் அளவையே குறைக்கலாம். இவை யாவும் வினாவைச் சிறிதாக்குவன. வினா சிறிதானால் விடையும் தானே தாழ்ந்த குரலில் வரும். வினாவை அப்படியே விட்டு விடையின் வாயை மட்டும் அடைப்போர், அதற்கான விலையை வேறோரிடத்திற் செலுத்த நேரும்.